முன்மாதிரித் திரைகளில் தமிழ் எழுத்துரு மாறித் தெரிவதைச் சரிசெய்யும் முறை: முழுமையான வழிகாட்டி

ஃபிக்மா, ஆக்ஸூர் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒரு செயலிக்கான முன்மாதிரியை (தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரித் திரைகளை) உருவாக்கி, அதற்கென்றே தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துருவில் எல்லாத் திரைகளையும் அமைத்து, இணைப்பை வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய பிறகு, அவருடைய கைபேசியில் எழுத்துகள் வேறு வடிவில் தெரிகின்றன என்ற பதில் வருவது, வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் இந்தப் பணியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் சந்திக்கும் சிக்கல். உடனே அவர்கள் தங்கள் கணினியில் உள்ள எழுத்துருவை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுகிறார்கள். அதனால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. ஏனென்றால் எழுத்துரு இல்லாதது அவர்களுடைய கணினியில் அன்று, பார்ப்பவரின் சாதனத்தில்.

எனவே இங்கே படிகளின் வரிசை முக்கியம். முதலில் கோளாறின் வகை, அடுத்து உரை, அதன் பிறகு எழுத்துரு, பிறகு எழுத்துரு பார்ப்பவரை அடையும் வழி, கடைசியாகத் திரையின் அளவுகள். விளக்கத்துக்காக, வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயரைத் தொட்டால் பேருந்து நேரத்தைக் காட்டும் ஒரு தொடுதிரையின் முன்மாதிரியை எடுத்துக்கொள்வோம். புதியவர்களுக்கு நான் பயிற்சியாகக் கொடுப்பதும் இதுதான். தமிழ் எழுத்துருவின் பலவீனங்களைச் சோதிக்க நம் ஊர்ப் பெயர்களே போதுமானவையாக இருக்கின்றன.

1. தொடங்கும் முன் தேவையானவை

எழுத்துருவின் மூலக் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும். நண்பரின் கணினியில் நிறுவப்பட்டிருப்பதோ, பழைய வடிவமைப்பில் பெயர் மட்டும் தெரிவதோ போதாது. டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்புகளை, பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு தடிமனுக்கும் தனித்தனியாக எடுத்து ஒரே அடைவில் வையுங்கள்.

உரிமத்தை இப்போதே படியுங்கள். கணினியில் நிறுவி வடிவமைப்பதற்கான உரிமமும் வலைப்பக்கத்தில் இணைத்து வெளியிடுவதற்கான உரிமமும் பல நிறுவனங்களில் தனித்தனியாக விற்கப்படுகின்றன. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் கட்டமரான், மீரா இனிமை, அனேக் தமிழ் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வருவதால் இரண்டுக்கும் தடையில்லை. எல்லாப் படிகளையும் முடித்த பிறகு உரிமம் இல்லை என்று தெரிந்தால், அளவுகள் அனைத்தையும் புதிய எழுத்துருவுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது தேவையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: அந்த எழுத்துரு நிறுவப்படாத ஒரு சாதனம். உங்கள் கணினியில் சரியாகத் தெரிவது எதையும் நிரூபிக்காது. வீட்டில் உள்ளவர்களின் ஆண்ட்ராய்டு கைபேசியே போதும்.

2. கோளாறின் வகையை அடையாளம் காணுதல்

வாடிக்கையாளரிடம் 'எழுத்து சரியாக இல்லை' என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், திரையின் படத்தைக் கேளுங்கள். அதன்பின் கீழ்க்கண்டவற்றில் எது என்று பாருங்கள்.

தமிழ் பிழையின்றி வாசிக்க முடிகிறது, ஆனால் வடிவம் வேறு என்றால், எழுத்துரு அந்தச் சாதனத்தை அடையவில்லை. சாதனம் தன்னிடம் உள்ளதைக் கொண்டு வரைந்திருக்கிறது. விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யுஐ. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஆப்பிள் சாதனங்களில் தமிழ் சங்கம் எம்என். இந்த மூன்றின் வடிவத்தையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால், படத்தைப் பார்த்தவுடனேயே பாதி விடை கிடைத்துவிடும். இந்த வகைக்கு 6, 7ஆம் படிகளைப் பாருங்கள்.

தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து தெரிந்தால், உரை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கத்தில்) இல்லாமல் பழைய குறியாக்கத்தில் இருக்கிறது. 4ஆம் படிக்குச் செல்லுங்கள். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், அந்த எழுத்துக்கான வடிவம் எந்த எழுத்துருவிலும் கிடைக்கவில்லை. புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால், உயிர்க்குறியோ மெய்ப்புள்ளியோ தவறான இடத்தில் தட்டச்சாகியிருக்கிறது. அதற்கும் 4ஆம் படிதான்.

திரை சில வினாடிகள் வெறுமையாக இருந்துவிட்டு எழுத்துகள் தோன்றினால், அது கோளாறு அன்று, தாமதம். எழுத்துரு வந்து சேரும்வரை உலாவி உரையை மறைத்து வைக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வழக்கமாக 3 வினாடி வரை காத்திருந்து, அதற்குள் வராவிட்டால் மாற்று எழுத்துருவைக் காட்டுகின்றன.

எழுத்து சரியாக இருந்தும் மேலோ கீழோ வெட்டுப்பட்டிருந்தால் 9ஆம் படி.

3. சோதனை வரியை உருவாக்குதல்

முன்மாதிரியின் முதல் திரையாக, வாடிக்கையாளருக்குக் காட்டாத ஒரு சோதனைத் திரையை அமைத்து, அதில் இந்த வரியை இடுங்கள்:

ஸ்ரீபுரம், சோளிங்கர், பொன்னை, கௌண்டன்ய நதி, கீ.வ.குப்பம், பூட்டுத்தாக்கு, மேல்விஷாரம், ஜோலார்பேட்டை, விரிஞ்சிபுரம், காலை 6.45, ₹25

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 'சோ', 'பொ' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துகளைக் கோத்து வரையும் திறன் இல்லாத கருவியில் கொம்பு இடம் மாறிவிடும். 'னை' என்பதில் ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னே வர வேண்டும். 'கீ' மேலே உயரும், 'பூ' கீழே இறங்கும். வெட்டுப்படுவது இவற்றில்தான் முதலில் தெரியும். ஷகரமும் ஜகரமும் சில எழுத்துருக்களில் வரையப்பட்டே இருக்காது.

'ஸ்ரீ'யைத் தனியாகக் கவனியுங்கள். அதை ஸகரத்தைக் கொண்டும் தட்டச்சு செய்யலாம், 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ'வைக் கொண்டும் தட்டச்சு செய்யலாம். ஒரு முறையில் மட்டும் கூட்டெழுத்தாக இணைந்து, மற்றதில் பிரிந்து நிற்கும் எழுத்துருக்கள் இருக்கின்றன. பொற்கோயில் நிறுத்தத்தின் பெயர் ஒரு திரையில் சேர்ந்தும் மறுதிரையில் பிரிந்தும் தெரிந்தால், எழுத்துருவைக் குறைசொல்லும் முன், அந்தப் பெயர் இரண்டு திரைகளிலும் ஒரே விதமாகத் தட்டச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களும் ரூபாய்க் குறியும் வரியில் இருப்பதற்குக் காரணம், சில தமிழ் எழுத்துருக்களில் அவை இல்லாதது. ரூபாய்க் குறி 2010இல்தான் யூனிகோடில் இடம்பெற்றது; அதற்கு முன் உருவாகி, பின்னர் புதுப்பிக்கப்படாத எழுத்துருவில் அது இருக்காது. அப்போது கட்டணம் மட்டும் வேறு எழுத்துருவில் நிற்கும்.

4. உரை யூனிகோடில் இருக்கிறதா?

வாடிக்கையாளர் தரும் உரை பல நேரங்களில் டிடிபி கடையிலிருந்தோ, ஃப்ளெக்ஸ் அச்சிடுபவரிடமிருந்தோ வருகிறது. அங்கே இன்னமும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்றவற்றில் தட்டச்சு செய்த கோப்புகள் புழக்கத்தில் உள்ளன. இவற்றில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை. அதற்குத் தமிழ் வடிவம் கொடுப்பது அந்த எழுத்துரு மட்டுமே. எழுத்துரு நீங்கிய கணத்தில் தமிழும் போய்விடும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்த பிறகும், அச்சுத்துறையில் இந்தக் கோப்புகள் நீடிக்கின்றன.

சோதிப்பது எளிது: உரையை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. இல்லையென்றால் எந்த எழுத்துரு என்று கேட்டறிந்து, அதற்குரிய மாற்றியில் மாற்றுங்கள். உரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்றே கருதிச் சிதைத்துவிடும். ஆகவே அவற்றை முன்பே தனியே எடுத்து வையுங்கள். இடைவெளிக் குறிகள், மேற்கோள் குறிகள் ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

யூனிகோடு உரையிலும் இரண்டு பிழைகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, 'ர்' என்பதற்குக் கால் குறியையும் புள்ளியையும் சேர்த்துத் தட்டச்சு செய்வது. சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், தட்டச்சு செய்தவருக்குப் பிழை புலப்படாது. எழுத்துருவை மாற்றிய அன்றைக்குத்தான் 'சோளிங்கர்' புள்ளி வட்டத்தோடு நிற்கும். மற்றொன்று, 'கௌ' என்பதை 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்வது. குடியாத்தம் வழியாக ஓடும் ஆற்றின் பெயரை இப்படித் தட்டச்சு செய்துவிட்டால், தேடல் பெட்டியில் சரியாக எழுதித் தேடுபவருக்கு அது கிடைக்காது. எழுத்துருவைத் தொடும் முன் இவற்றைத் திருத்திவிடுங்கள். இல்லையென்றால் பின்னர் எந்தக் குறை எழுத்துருவினுடையது, எது உரையினுடையது என்று பிரித்தறிய இயலாது.

5. கணினியில் முறையாக நிறுவுதல்

விண்டோஸில் எழுத்துருக் கோப்பின்மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில் வழக்கமான நிறுவல் ஒரு பயனருக்கு மட்டுமே செய்யப்படுகிறது. அப்படி நிறுவியதைச் சில மென்பொருள்கள் காண்பதில்லை. நிறுவிய பிறகு வடிவமைப்பு மென்பொருளை முழுமையாக மூடித் திறக்க வேண்டும்.

ஒரே எழுத்துருவின் இரண்டு பதிப்புகள் கணினியில் இருக்கக் கூடாது. பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். பெயர் ஒன்றாகவும் அளவுகள் வேறாகவும் இருக்கும் இரண்டு கோப்புகளில் எதை மென்பொருள் எடுக்கிறது என்பது நம் கையில் இல்லை.

குழுவில் ஒருவர் மேக்கிலும் மற்றவர் விண்டோஸிலும் பணியாற்றினால், பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துருவின் உள்ளே இரண்டு விதமாகக் குடும்பப் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதனால் நடுத்தரத் தடிமன் மேக்கில் குடும்பத்தின் ஒரு பாணியாகவும், விண்டோஸின் சில மென்பொருள்களில் தனிக் குடும்பமாகவும் தோன்றலாம். கோப்பு இருந்தும் 'எழுத்துரு இல்லை' என்ற எச்சரிக்கை வருவதற்கு இது ஒரு காரணம்.

6. முன்மாதிரி எந்த வடிவில் பார்ப்பவரை அடைகிறது?

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். முன்மாதிரி இரண்டு வழிகளில் வெளியே செல்கிறது: எழுத்துகள் வரையப்பட்ட வடிவமாகச் செல்லலாம், அல்லது வெறும் உரையாகவும் எழுத்துருவின் பெயராகவும் செல்லலாம். இரண்டாவது வழியில், அந்தப் பெயருக்குரிய கோப்பைப் பார்ப்பவரின் சாதனம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஃபிக்மா பெரும்பாலும் முதல் வழியைச் சேர்ந்தது. எழுத்துரு இல்லாதவரும் திரையைச் சரியாகப் பார்க்கலாம். ஆனால் அவர் அந்த உரையைத் திருத்த முடியாது. ஆகையால் ஃபிக்மாவில் சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடங்களில் எழுகிறது. முதலாவது, எழுத்துரு இல்லாத சக வடிவமைப்பாளர் கோப்பைத் திறந்து, எச்சரிக்கையைக் கண்டவுடன் வேறு எழுத்துருவுக்கு மாற்ற ஒப்புக்கொள்வது. அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். உலாவியில் ஃபிக்மாவைப் பயன்படுத்துபவர், கணினியில் உள்ள எழுத்துருக்களை அது காண்பதற்கு ஃபிக்மாவின் எழுத்துரு நிறுவியைத் தனியே ஏற்ற வேண்டும். கணினியில் நிறுவும் ஃபிக்மா செயலியில் அதற்குத் தேவையில்லை. இரண்டாவது, தொடும்போது மாறிகளின் (மதிப்பு மாறக்கூடிய 'வேரியபிள்'களின்) வழியாக மாறும் உரை. அதற்கு முன்கூட்டியே வரையப்பட்ட வடிவம் இல்லாததால் அந்தக் கணத்தில் எழுத்துரு தேவைப்படுகிறது. 'அடுத்த பேருந்து' என்ற இடத்தில் ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே இருக்குமானால், அதைத் தனியாகச் சோதியுங்கள்.

ஆக்ஸூர் இரண்டாவது வழி. அது உருவாக்குவது வலைப்பக்கம். உரை உரையாகவே செல்கிறது. உங்கள் கணினியில் நிறுவிய எழுத்துரு அதனுடன் தானாகச் செல்வதில்லை. வெளியிடும் அமைப்புகளில் எழுத்துருக்களுக்கென்று உள்ள பகுதிக்குச் சென்று, வலை எழுத்துருவாக அதைச் சேர்க்க வேண்டும். அதே இடத்தில் உள்ள பெயர்ப் பொருத்தம், வடிவமைப்பில் உள்ள பெயரையும் வலை எழுத்துருவின் பெயரையும் இணைப்பதற்கானது. 5ஆம் படியில் சொன்ன பெயர் வேறுபாட்டை இங்கே தீர்க்கலாம். கையால் எழுதிய வலைப்பக்க முன்மாதிரிகளும் இதே வகைதான்.

உரையைப் படமாக மாற்றிவிடுவது விரைவான வழி என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். நிறுவனச் சின்னத்துக்கு அது பொருந்தும். தேடல் பெட்டிக்கோ, மாறும் நேரப் பட்டியலுக்கோ பொருந்தாது. திரையில் உள்ள உரையை ஒலியாக வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு அந்தத் திரை ஊமையாகிவிடும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

7. வலை எழுத்துருவை இணைத்தல்

கோப்பை வொஃப்2 வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது நன்கு சுருக்கப்பட்ட வடிவம். இன்றைய உலாவிகள் எல்லாம் அதை ஏற்கின்றன. பிறகு பாணிக் கோப்பில் (பக்கத்தின் தோற்றத்தைக் குறிப்பிடும் சிஎஸ்எஸ் கோப்பில்) எழுத்துருவின் பெயர், கோப்பின் இடம், தடிமன் ஆகிய மூன்றையும் அறிவிக்க வேண்டும்.

தடிமனை விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. சாதாரணத் தடிமனுக்கான கோப்பை மட்டும் இணைத்துவிட்டு, தலைப்பைத் தடித்த எழுத்தாக அமைத்தால், உலாவி இருக்கும் வடிவத்தைச் செயற்கையாகத் தடிக்க வைக்கும். 'ண', 'ஞ' போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டு எழுத்து கறைபோல் தெரியும். மீரா இனிமைக்கு ஒரே தடிமன்தான் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தவர் தலைப்பை அளவால்தான் வேறுபடுத்த வேண்டும். கட்டமரானில் ஒன்பது தடிமன்கள் உள்ளன. பயன்படுத்தும் இரண்டை மட்டும் இணைத்தால் போதும்.

எழுத்துருக்களின் வரிசையையும் பாருங்கள். பாப்பின்ஸ் என்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தமிழை எழுதுபவர்கள் ஏராளம். பாப்பின்ஸில் லத்தீனும் தேவநாகரியும் உள்ளன, தமிழ் இல்லை. வடிவமைப்பு மென்பொருள் அதைச் சொல்லாமலேயே வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பிவிடுகிறது. வாடிக்கையாளரின் சாதனம் இன்னொன்றை இட்டு நிரப்புகிறது. இரண்டும் மாறுபடும்போது 'பாப்பின்ஸ் ஏறவில்லை' என்று நாள் முழுக்கத் தேடுவதில் பயனில்லை. தமிழுக்கென ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லி வரிசையில் சேர்ப்பதே தீர்வு.

கோப்பு இருந்தும் ஏறாமல் போவதற்கான காரணங்கள் இவை. விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கருதப்படும். லினக்ஸ் வழங்கியில் (சர்வரில்) அவை வேறு வேறு. பாதுகாப்பான (https) முகவரியில் உள்ள பக்கம், பாதுகாப்பற்ற (http) முகவரியில் உள்ள எழுத்துருவை ஏற்காது. எழுத்துரு வேறொரு தளத்தில் இருந்தால், அந்தத் தளத்தின் வழங்கி உங்கள் பக்கத்துக்கு வெளிப்படையாக அனுமதி தர வேண்டும். படங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லாததால், படம் வருகிறது, எழுத்துரு மட்டும் வரவில்லை என்று பலரும் குழம்புகிறார்கள். அனுமதிச் சிக்கலைத் தவிர்க்க, எழுத்துருவை முன்மாதிரி இருக்கும் தளத்திலேயே வைப்பது நல்லது.

தேடல் பெட்டியில் மட்டும் எழுத்துரு மாறினால், அதற்கு வேறு காரணம். உள்ளீட்டுப் பெட்டிகளும் பொத்தான்களும் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக ஏற்பதில்லை. உலாவி அவற்றுக்குத் தனி எழுத்துரு வைத்திருக்கிறது. அவற்றுக்கும் எழுத்துருவைத் தனியே குறிப்பிட வேண்டும்.

8. உலாவியில் உறுதிசெய்தல்

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குரோமில் உரையின்மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் திறந்து, 'கம்ப்யூட்டட்' பகுதியின் அடியில் பாருங்கள். உண்மையில் எந்த எழுத்துரு வரையப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கும். பாணிக் கோப்பில் நீங்கள் கேட்ட பெயர் வேறு, அங்கே கிடைத்த பெயர் வேறு, இரண்டாவதுதான் உண்மை.

அடுத்து 'நெட்வொர்க்' பகுதியில் எழுத்துருக்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 404 என்றால் கோப்பின் இடம் தவறு. 403 என்றால் அனுமதி இல்லை. பட்டியலில் கோப்பே இல்லையென்றால், அறிவித்த பெயரும் பயன்படுத்திய பெயரும் பொருந்தவில்லை. கோப்பு வந்தும் அதைப் பிரிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால், எழுத்துருவின் இடத்தில் வழங்கி வேறொரு பக்கத்தை, பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கத்தை, அனுப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்திய பிறகும் பழைய நிலையே தெரிந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பக்கத்தைப் புதிதாக ஏற்றுங்கள்.

9. வரி உயரமும் பெட்டி அளவும்

எழுத்துரு சரியாக ஏறிய பிறகுதான் இதைத் தொட வேண்டும். முன்பே அளவுகளைத் திருத்தினால், மாற்று எழுத்துருவுக்காகத் திருத்தியவர் ஆவீர்கள்.

வரி உயரத்தைத் தானியங்கியாக விடாமல் எண்ணாகக் கொடுங்கள். எழுத்துருவின் உள்ளே உயர அளவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவாகியிருக்கும். மேக்கும் விண்டோஸும் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே கோப்பு இரண்டிலும் சற்று ஏறியும் இறங்கியும் நிற்பது அதனால்தான். தமிழுக்கு எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து தொடங்குவது என் வழக்கம். பொத்தான்களின் உயரத்தை 'பூட்டுத்தாக்கு', 'கீ.வ.குப்பம்' என்ற இரண்டையும் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். 'வேலூர்' என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்தால் பிறகு வெட்டுப்படும்.

எழுத்திடைவெளியைச் சுழியமாக வையுங்கள். ஆங்கிலத் தலைப்புகளுக்கு அழகு சேர்க்கும் இடைவெளி, சில கருவிகளில் தமிழ்க் கொம்பையும் காலையும் மெய்யிலிருந்து பிரித்துவிடும். சாய்வெழுத்தையும் தவிர்க்கலாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் இல்லாததால் உலாவி செயற்கையாகச் சாய்க்கிறது.

10. இணையம் இல்லாத இடத்தில் காட்டுதல்

பேருந்து நிலையத்திலோ தொழிற்கூடத்திலோ நேரில் காட்டும்போது இணையம் இருக்கும் என்று நம்பிச் செல்ல வேண்டாம். கூகுளின் இணைப்பில் உள்ள எழுத்துரு அப்போது வராது. எழுத்துருக் கோப்புகளை முன்மாதிரியின் அடைவுக்குள்ளேயே வைத்து, அடைவு முழுவதையும் சுருக்கிக் கொண்டுசெல்லுங்கள். முதல் பக்கக் கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதால்தான் பலருக்கு எழுத்துரு விடுபட்டுப்போகிறது.

அப்படியும் ஃபயர்ஃபாக்ஸில் ஏறாமல் போகலாம். 2019இல் வெளிவந்த 68ஆம் பதிப்பு முதல், வட்டிலிருந்து நேரடியாகத் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது தனித்தனித் தளத்தைச் சேர்ந்ததுபோல் கருதுகிறது; அதனால் எழுத்துருக் கோப்புக்கு அனுமதி கிடைப்பதில்லை. கணினியிலேயே ஒரு சிறு வழங்கியை இயக்கி அதன் வழியே திறக்கலாம். அல்லது எழுத்துருவை பேஸ்64 முறையில் (கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றும் முறையில்) பாணிக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடலாம். கோப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும், ஆனால் எழுத்துரு எங்கும் விடுபடாது.

11. ஒப்படைக்கும் முன்

சோதனைத் திரையை எழுத்துரு நிறுவாத ஆண்ட்ராய்டு கைபேசியிலும், ஓர் ஐஃபோனிலும், ஒரு விண்டோஸ் கணினியிலும் திறந்து படம் எடுத்து, மூன்றையும் ஒப்பிடுங்கள். ஐஃபோனில் 'லாக்டவுன்' என்ற கடும் பாதுகாப்பு முறை இயக்கப்பட்டிருந்தால் வலை எழுத்துருக்கள் தடுக்கப்படலாம். அந்தக் கருவியில் அமைப்பைப் பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள். இணைப்பை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்தும் ஒருமுறை திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் திறக்கப்போவது அப்படித்தான்.

எழுத்துருக் கோப்புகள், அவற்றின் பதிப்பு எண், உரிமக் கோப்பு, சோதனை வரி ஆகியவற்றை ஒரே அடைவில் வைத்து முன்மாதிரியுடன் சேர்த்துக் கொடுங்கள். நிரலாக்கம் செய்பவர் வேறு பதிப்பைப் பதிவிறக்கிக்கொண்டால், 9ஆம் படியில் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த உயரங்கள் மறுபடியும் மாறிவிடும்.